உளியின் சக்களத்தி

பேருந்துகள் வந்து திரும்பிப் போகும் ஊர்க்கோடி ஒன்றில், முன்பு ஒரு கடைசல் பட்டறை இருந்தது. தகரக் கூரை, பூசாத செங்கல் சுவர், நடுவில் ஒரு லேத். அந்த லேத்தின் பக்கத்தில் ஓர் உளி வாழ்ந்துவந்தது.

லாரியின் வில்லுப் பட்டையை அடித்து நீட்டிச் செய்த உளி அது. "நாங்க பாரம் சுமந்த வம்சம்," என்று அடிக்கடி சொல்லிக்கொள்ளும்.

பட்டறை அமலியுடையது. அவள் கணவன் வெளியூரில் கட்டட வேலையில் இருந்தான். அமலி பாலை மரத்துண்டை லேத்தில் பூட்டிச் சுழலவிட்டு, உளியை வைத்துக் குழந்தைகளுக்குக் கிலுகிலுப்பை கடைவாள். ஒரு பக்கம் உருண்டைத் தலை, நடுவில் மெல்லிய தண்டு, தண்டில் கழலாமல் ஆடும் இரண்டு வளையங்கள். தலையும் தண்டும் வளையங்களும் ஒரே துண்டில் கடைந்தவை. எங்கேயும் ஒட்டு கிடையாது.

அந்த வளையங்களைப் பிளக்காமல் விடுவிப்பதில் உளிக்குச் சொல்லி மாளாத பெருமை.

"பட்டையும் முடிச்சுமா வர்ற கட்டைக்குள்ள ஒரு பிள்ளை ஒளிஞ்சிருக்குன்னு யாருக்குத் தெரியும்? எனக்குத்தான் தெரியும்," என்று தாங்கியிடம் சொல்லும். தாங்கி என்பது லேத்தின் முன்னால் நிற்கும் இரும்புக் கட்டை. அதன்மேல் சாய்ந்துதான் உளி வேலை செய்யும்.

"உனக்குத்தான் தெரியும் அக்கா," என்று தாங்கி சொல்லும். சாய்ந்தவரைத் தாங்குவதைத் தவிர அதற்கு வேறு எதுவும் தெரியாது.

லேத் எதிலும் கலந்துகொள்ளாது. "சுத்தச் சொன்னா சுத்துவேன், நிறுத்தச் சொன்னா நிப்பேன்." அதன் பேச்சு அவ்வளவுதான்.

ஒன்றே ஒன்று மட்டும் உளிக்கு உறுத்தும். மரத்துண்டுகள் அதைக் கண்டால் அலறின.

"வராதே, கிட்ட வராதே!" என்று சுழன்றுகொண்டே கத்தும். உளி உடம்பில் பட்ட மறுகணம் ஊரைக் கூட்டும்.

'பிறக்கும்போது எல்லாருக்கும் வலிக்கத்தான் செய்யும். வெளியே வந்த பிறகு புரிஞ்சுக்கும்,' என்று உளி தன்னைத் தேற்றிக்கொள்ளும். ஆனால் வெளியே வந்த எந்தத் துண்டும் வந்து, 'புரிந்துகொண்டேன்' என்று சொன்னதில்லை. கூடைக்குள் போய்ச் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொள்ளும்.

கடைந்து முடிந்ததும் உளியின் முனையால் வால் பக்கத்தை அறுத்து, கிலுகிலுப்பையை லேத்திலிருந்து பிரிப்பார்கள். அறுத்த இடத்தில் சின்ன முளை ஒன்று நிற்கும். அமலி அதைத் தொப்புள் என்பாள். மற்ற உடம்பையெல்லாம் லேத்தில் சுழலும்போதே உப்புத்தாள் பிடித்துத் தேய்த்துவிடலாம். தொப்புளை மட்டும் அப்படித் தேய்க்க முடியாது. அறுத்த பிறகு பிள்ளை லேத்தில் இல்லையே. அதனால் அமலி அதைக் கத்தியால் சீவி, உப்புத்தாளைச் சுருட்டிக் கையாலேயே நாலு தேய் தேய்த்துவிடுவாள்.

வினை அந்த இடத்தில்தான் முளைத்தது.

ஒரு நாள் காலையில் அமலியின் நாத்தனார் சகாயா, அமலியின் கைக்குழந்தை ஜெரினை இடுப்பில் வைத்துக்கொண்டு பட்டறைக்கு ஓடிவந்தாள். அமலி வேலை செய்யும் நேரமெல்லாம் பிள்ளை சகாயாவிடம்தான் இருப்பான்.

"அண்ணி, மெஷினை நிறுத்துங்க. பிள்ளை வாயைப் பாருங்க."

கீழுதட்டின் உள்பக்கம் ஒரு கீறல். எச்சிலோடு ரத்தம் கலந்து தாடையில் வழிந்திருந்தது.

"ஐயோ, என்ன ஆச்சு? எதைக் கடிச்சான்?"

"நீங்க செஞ்சு குடுத்த கிலுகிலுப்பையைத்தான். வால் பக்கம் மரச் சிலாம்பு கூரா நீட்டிக்கிட்டு இருந்திருக்கு. பல்லு முளைக்கிற பிள்ளை, கையில எது கிடைச்சாலும் வாய்க்குத்தானே போகும்?"

அமலி இரண்டு கைகளையும் நீட்டினாள். ஜெரின் வரவில்லை. அவள் தலையெல்லாம் மரத்தூள். தூள் போகாமல் இருக்க மூக்கையும் வாயையும் துணியால் கட்டியிருந்தாள். அவன் சகாயாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"பயப்படுறான் அண்ணி. அந்தத் துணியை அவிழ்த்துட்டுக் கூப்பிடுங்க, வருவான்."

அமலி அவிழ்த்தாள். கூப்பிட்டாள். அப்போதும் அவன் வரவில்லை.

அவள் அந்தப் பழைய கிலுகிலுப்பையைக் கொண்டுபோய் அடுப்பில் வைத்தாள். அது எரிந்து முடியும்வரை அங்கேயே நின்றாள். பிறகு பட்டறைக்கு வந்து, தொப்புளையும் லேத்திலேயே தேய்க்க ஏதாவது கிடைக்குமா என்று மூலை முடுக்கெல்லாம் துழாவ ஆரம்பித்தாள்.

உடைந்த கேரம் போர்டு ஒன்று கிடைத்தது. அதிலிருந்து ஒரு வட்டத்தை அறுத்தெடுத்து, லேத்தில் பூட்டும் இரும்புத் தட்டில் பின்பக்கமாகத் திருகாணி போட்டு முடுக்கினாள். சுழலவிட்டபோது பலகையின் ஓரம் ஏறியும் இறங்கியும் ஆடியது. ஆட்டம் போக ஓரத்தைக் கடைய வேண்டியிருந்தது. அதற்கு உளியை எடுத்தாள்.

உளி உற்சாகமாகப் போய் வேலையை முடித்தது.

"எப்படி வட்டம் எடுத்தேன் பார்த்தியா?"

"பார்த்தேன் அக்கா," என்றது தாங்கி.

தன் சக்களத்தியைத் தானே கடைந்து கொடுக்கிறோம் என்பது உளிக்கு அப்போது தெரியவில்லை.

அமலி அந்த வட்டத்தில் மைதாப் பசையைத் தடவி உப்புத்தாளை ஒட்டினாள். பசை காய்வதற்குள் லேத்தைப் போட்டாள். தாள் பிய்த்துக்கொண்டு பறந்து சுவரில் போய் அறைந்தது. உளி சிரித்தது. மறுபடி ஒட்டிக் காயவிட்டு, ஒரு கிலுகிலுப்பையைப் பிடித்துப் பார்த்தாள். பலகை கடினமானது. உருண்டையான இடத்தைத் தட்டையாக்கிவிட்டது. உளி இன்னும் சத்தமாகச் சிரித்தது.

வாசலில் நின்றிருந்த சகாயா, "நடுவுல மெத்துன்னு எதையாவது வைங்க அண்ணி," என்றாள். "இந்தாங்க, என் ரப்பர் செருப்பு வாரு அறுந்து கிடக்கு. குதிங்கால் பக்கம் இன்னும் தேயல."

"உன் செருப்பா?"

"ஏன், என் கால்ல என்ன முள்ளா முளைச்சிருக்கு?"

அமலிக்கு வாங்க மனமில்லை. ஆனால் பிள்ளையின் உதடு கண்முன் நின்றது. வாங்கினாள். குதிங்கால் பக்கத்தை வட்டமாக வெட்டினாள். செருப்புத் தைப்பவரிடம் பசை வாங்கிப் பலகையில் ஒட்டி, கல்லைத் தூக்கி மேலே வைத்து அழுத்தினாள். ரப்பருக்கு மேலே மெல்லிய உப்புத்தாளை ஒட்டினாள். இந்த முறை பசை நன்றாகக் காயும்வரை தொடவில்லை.

பிறகு தாங்கியைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, புதுத் தட்டை லேத்தில் பூட்டிச் சுழலவிட்டாள். தட்டு சுழலும்போது அவள் பக்கத்துப் பாதி மேலிருந்து கீழே இறங்கும், எதிர்ப்பக்கத்துப் பாதி கீழிருந்து மேலே ஏறும். ஏறும் பாதியில் பிடித்தபோது கிலுகிலுப்பையைக் கையிலிருந்து பிடுங்கிக் கூரைக்கு வீசியது. இறங்கும் பாதியில் பிடித்துப் பார்த்தாள். கைக்கு அடங்கி நின்றது. தொப்புளை மெதுவாக அதில் காட்டினாள்.

அப்போது அந்தப் பட்டறையில் அதுவரை யாரும் கேட்காத ஒரு சத்தம் கேட்டது.

"ஐயோ, கூசுது! போதும், போதும்... இன்னொரு தரம்!"

ஒரு மரத்துண்டு சிரித்தது.

உளி மேசைமேல் கிடந்தபடி அதைக் கேட்டது. அதன் கூர் முழுக்க ஒரு குளிர் ஓடியது.

அன்று மத்தியானம் அமலி சாப்பிடப் போனதும் உளி பேச்சை ஆரம்பித்தது.

"யாருடி நீ?"

"நானா அக்கா? போன வாரம் வரைக்கும் சகாயாவோட வலது கால்ல இருந்தேன். இப்ப இங்க என்ன பேருன்னு இன்னும் யாரும் சொல்லல."

"செருப்புன்னு சொல்லு. செருப்புக்கெல்லாம் வாசலோட சரி."

"வாசல்லதான் கிடந்தேன் அக்கா. அறுந்த பிறகுதான் உள்ள கூப்பிட்டாங்க."

"உன் மூஞ்சியில ஒட்டியிருக்கிறது யாருன்னு தெரியுமா? உப்புத்தாள். என் வேலை முடிஞ்சதும் வந்து மிச்சத்தைப் பொறுக்குற தாள். அதுக்கு உன்னை மாதிரி ஒரு மெத்தை வேற."

"கோபப்படாதீங்க. நீங்க செய்யறதுல ஒண்ணு கூட எனக்கு வராது. எனக்கு லேசா உரசத்தான் தெரியும்."

"தெரிஞ்சா சரி," என்றது உளி. எதிர்த்துப் பேசியிருந்தால்கூட அதற்கு நிம்மதியாக இருந்திருக்கும். இப்படிப் பணிவாகப் பேசுகிறவளிடம் எப்படிச் சண்டை பிடிப்பது?

அதற்குள் கூடையிலிருந்து ஒரு குரல் வந்தது. காலையில் சிரித்த கிலுகிலுப்பை.

"அம்மா, நாளைக்கும் எனக்கு வயித்துல கூச்சம் காட்டுவியா?"

உளி சட்டென்று நிமிர்ந்தது. பதில் சொல்ல வாயெடுத்தது.

ஆனால் கிலுகிலுப்பை பார்த்துக்கொண்டிருந்தது தட்டை.

அன்றிலிருந்து உளிக்கு வேறு எதுவும் ஓடவில்லை. கிலுகிலுப்பை வாங்க வந்த பெண்கள் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, "என்ன வழவழப்பு!" என்றார்கள். முன்பெல்லாம் அமலி ஒவ்வொரு காலையிலும் முதலில் உளியைத்தான் எடுத்து, சாணைக்கல்லில் தீட்டி, கட்டைவிரல் நகத்தில் கூர் பார்ப்பாள். இப்போது முதல் வேலையாகத் தட்டுக்குத் தாள் மாற்றினாள். மிச்சம் கிடந்த நேரத்தில்தான் உளி.

"வழவழப்பாம் வழவழப்பு. வளையம் எப்படி வந்ததுன்னு ஒருத்தியாவது கேட்டாளா?" என்றது உளி.

"கேட்கல அக்கா," என்றது தாங்கி.

"என்னால வந்த உடம்பு. அவ தடவிக் குடுத்துட்டா அவ பிள்ளையாயிருமா?"

"ஆகாது அக்கா."

"ஆயிருச்சேடி!"

"ஆயிருச்சு அக்கா."

"நீ வாயை மூடு."

தட்டுக்குப் பக்கத்தில் உளியை வைத்தால் அது உருண்டு தள்ளிப் போய்ப் படுத்தது. மரத்துண்டுகள் அலறினால் முன்பு தன்னைத் தேற்றிக்கொள்ளும் உளி, இப்போது, 'அலறு. கொஞ்ச நேரத்துல அவகிட்ட போய்ச் சிரிக்கத்தானே போறே,' என்று முனகிக்கொண்டே வெட்டியது. வெட்டு ஆழமாகவே விழுந்தது.

கடைக்குக் கொடுக்க வேண்டியவற்றை முடித்த பிறகுதான் ஜெரினுக்கு ஒன்று செய்வது என்று அமலி வைத்திருந்தாள். கையும் தட்டும் ஒன்றுக்கொன்று பழகட்டும் என்று காத்திருந்தாள். அந்த நாள் வந்தது. இருப்பதிலேயே வெள்ளையான, முடிச்சில்லாத பாலைத் துண்டாகப் பார்த்து எடுத்துப் பூட்டினாள்.

சகாயா வாசலில் பாயை விரித்து ஜெரினை மடியில் போட்டுக்கொண்டாள்.

"உங்களுக்கு என்ன நடக்குது பார்த்தீங்களா மருமகனே? உங்க அம்மா உங்களுக்குக் கிலுக்கு செய்றாங்க."

அமலி லேத்திலிருந்து திரும்பிக் கையைத் தட்டினாள். "ஜெரின்! இங்க பாரு, அம்மா!"

அவன் பார்த்தான். ஒரு கணம்தான். பிறகு சகாயாவின் மூக்குத்தியைப் பிடிக்கத் திரும்பிவிட்டான்.

"மூக்கு எங்க? அத்தை மூக்கு எங்க? ஆ, கடிச்சிட்டான், மருமகன் அத்தை மூக்கைக் கடிச்சிட்டான்!"

பிள்ளை விக்கல் எடுக்கும் அளவுக்குச் சிரித்தான்.

தலை வந்தது. தண்டு வந்தது. இரண்டு வளையங்களும் பிளக்காமல் விடுபட்டுத் தண்டில் ஆடின. உளி தன் வாழ்நாளில் அதைவிட நன்றாகக் கடைந்ததில்லை. இனித் தொப்புளை அறுக்க வேண்டும். அந்த இடத்தில் உளியை லேசாகப் பிடிக்க வேண்டும். சுழலும் மரமே வந்து கூரில் பட்டு அறுபட வேண்டும். அழுத்தினால் நார் அறுபடாது, பிய்ந்துவிடும்.

'இதுவும் அவகிட்ட போய் அம்மான்னு சொல்லப்போகுது,' என்று உளி நினைத்தது. 'வெட்டாம பிய்ச்சு விட்டா என்ன? உள்ளே சிலாம்பு நிக்கும். இந்தச் செருப்பு அதை எப்படி எடுக்குதுன்னு பார்ப்போம். பிள்ளை வாயில மறுபடி ரத்தம் வந்தா, இவளைப் பிடுங்கிக் குப்பையில போடுவாங்க.'

உளி மட்டும் நினைத்து எதுவும் நடந்திருக்காது. கை தடுத்திருக்கும். எத்தனையோ முறை அப்படித் தடுத்திருக்கிறது.

வாசலில் பிள்ளை மறுபடி சிரித்தான். அமலியின் கை இறுகியது. உளிக்கு அந்தப் பிடி புரிந்தது. தன் இரும்புக்குள் இருப்பதே வெளியே வந்து தன்னைப் பிடித்திருப்பதுபோல் இருந்தது.

இரண்டும் சேர்ந்து அழுத்தின.

'கர்' என்று ஒரு சத்தம். கிலுகிலுப்பை கீழே விழாமல் அமலியின் உள்ளங்கையில் விழுந்தது.

"உள்ள ஏதோ நிக்குது! எனக்குள்ள ஏதோ நிக்குது!" என்று அது கத்தியது.

"உங்கம்மாகிட்ட போ. அவ எடுப்பா," என்றது உளி.

அமலி தாங்கியைக் கழற்றினாள், தட்டைப் பூட்டினாள், இறங்கும் பாதியில் தொப்புளைக் காட்டினாள். தட்டு ஒரு சுற்று தயங்கியது போலிருந்தது. பிறகு வேகமாகச் சுழன்றது. தூள் பறந்தது. பறந்த தூளில் கொஞ்சம் பிய்ந்த இடத்துக்குள் போய் அடைந்து, மேலே மெழுகியதுபோல் ஆகிவிட்டது.

"அம்மா, இன்னும் குத்துது," என்றது கிலுகிலுப்பை.

"ஒண்ணுமில்ல கண்ணு. வெளியே எதுவும் தெரியல," என்றது தட்டு.

அமலி கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். பால் ஏடு போல இருந்தது. இன்னொரு முறை தடவினாள். எதுவும் தட்டுப்படவில்லை. சுவிட்சை அணைத்தாள். லேத் வேகம் குறைந்து மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. மூக்குத் துணியை அவிழ்த்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாசலுக்குப் போய்ப் பிள்ளையின் முன்னால் உட்கார்ந்தாள். கிலுகிலுப்பையை ஆட்டினாள். வளையங்கள் கிலுங்கின.

ஜெரின் சகாயாவின் மூக்குத்தியை விட்டான். அமலியின் முகத்தைப் பார்த்தான். சிரித்தான். இரண்டு கைகளையும் நீட்டினான்.

"பாருங்க, உங்ககிட்ட வர்றான்," என்றாள் சகாயா.

அமலிக்குக் கண் நிறைந்துவிட்டது. கிலுகிலுப்பையை அவன் கையில் கொடுத்தாள். அவன் அதைத் தலைகீழாகப் பிடித்தான். வால் பக்கம் மேலே வந்தது. வாயைத் திறந்தான்.

மேசை ஓரத்தில் கிடந்த உளி பார்த்துக்கொண்டிருந்தது. அது நினைத்தபடியே எல்லாம் நடந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு கணம். அப்புறம் சக்களத்தி இருக்கமாட்டாள்.

ஆனால் அந்த வாய் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அது நினைத்திருக்கவில்லை. உள்ளே கீழ் ஈறில் அரிசிமணி போல இரண்டு பற்கள். போன காயம் ஆறிய இடத்தில் வெளுத்த ஒரு கோடு. அந்த வாய்க்கு உளியையும் தெரியாது, தட்டையும் தெரியாது. யார் பெரியவள் என்ற சண்டையும் தெரியாது. கொடுத்ததை நம்பித் திறந்திருந்தது.

'எத்தனையோ கட்டையை வெட்டியிருக்கேன். பிள்ளையை வெட்டினதில்லையே,' என்று உளி நடுங்கியது.

"தட்டு! ஏதாவது செய்டி!"

"நான் என்ன அக்கா செய்வேன்? என்னை அணைச்சுட்டாங்க!"

"அண்ணே, லேத் அண்ணே, ஒரு உதறு உதறுங்க!"

"சுத்தச் சொன்னா சுத்துவேன், நிறுத்தச் சொன்னா நிப்பேன்," என்றது லேத். "இப்ப நிக்கச் சொல்லியிருக்காங்க, நிக்கப் போறேன்."

எந்த லேத்தும் நிற்கும் முன் கடைசிச் சுற்றில் உடம்பைக் குலுக்கிக்கொள்ளும். இந்த லேத்தும் குலுக்கியது. மேசை அதிர்ந்தது. மற்ற நாளாக இருந்தால் உளி தன் பிடியை விடாமல் அப்படியே கிடந்திருக்கும். இன்று விட்டது. உருண்டது. கூர் கீழே பார்க்கச் சிமெண்ட் தரையில் போய் விழுந்தது.

இரும்பு தெறித்த சத்தத்தில் பிள்ளை திடுக்கிட்டு வீரிட்டான். கிலுகிலுப்பை கையிலிருந்து நழுவிப் பாயில் விழுந்தது.

"என்ன அண்ணி இது, உளியை ஓரத்துலயா வைப்பாங்க?" என்று சகாயா பிள்ளையை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டாள். "யார் காலுலயாவது விழுந்திருந்தா?"

அமலி போய் உளியை எடுத்தாள். முனை உடைந்து போயிருந்தது. உடையாமல் மிஞ்சிய கூரில், நூல் போல வெள்ளையாக ஒன்று தொங்கியது. அவள் அதை இழுத்து எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

பாலை மரத்தின் நார். விரல் நீளம்.

வெட்டியிருந்தால் சுருள் வரும். தூள் வரும். நார் வராது. நார் வந்தால் பிய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

"சகாயா, அந்தக் கிலுகிலுப்பையை எடு. அவன்கிட்ட குடுக்காத."

"ஏன் அண்ணி? நல்லாத்தானே இருக்கு?"

அமலி கட்டைவிரலை நாக்கில் நனைத்து, தொப்புளின் மேல் வைத்து அழுத்தினாள். ஈரம் பட்டதும் மேலே மெழுகியிருந்த தூள் கரைந்தது. மரம் ஈரத்தைக் குடித்தது. குடித்த இடத்தில் உள்ளே படுத்திருந்த சிலாம்பு மெல்ல எழுந்து நின்றது. மீன் முள் போல, நுனி கூர்மையாக.

இரண்டு பெண்களும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வாய்க்குள்ள போய் ஊறியிருந்தா..." என்று ஆரம்பித்த சகாயா முடிக்கவில்லை. பிறகு, "இந்தத் தட்டுதான் சரியில்லையோ? என் செருப்பை வச்சிருக்கவே கூடாது. கழட்டி எறிஞ்சிருங்க அண்ணி," என்றாள்.

உளி காத்திருந்தது. அது ஆசைப்பட்ட வார்த்தை, அந்த வீட்டு மனுஷியின் வாயாலேயே வந்துவிட்டது. அமலி சரி என்று சொன்னால் போதும்.

"தட்டு மேல தப்பு இல்ல," என்றாள் அமலி. "அறுக்கும்போது நான்தான் அழுத்திட்டேன்."

"நீங்க அழுத்த மாட்டீங்களே. ஏன் அழுத்துனீங்க?"

அமலி சகாயாவைப் பார்த்தாள். சகாயாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விசும்பும் பிள்ளையைப் பார்த்தாள். 

சகாயா அதற்கு மேல் கேட்கவில்லை. பிள்ளையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். "நீங்க அதைச் சரிபண்ணுங்க. நான் இவனுக்கு முகம் கழுவிட்டு வர்றேன்," என்று எழுந்தாள். இரண்டடி போனவள் திரும்பி, "பசிக்கிறப்ப என் மூக்குத்தி பத்தாது அண்ணி. நீங்க சீக்கிரம் வாங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அமலி சாணைக்கல்லில் தண்ணீர் தெளித்து உடைந்த முனையைத் தீட்ட உட்கார்ந்தாள். கூர் வர நேரமானது. கல்லில் உரசும் சத்தத்தின் நடுவே, லேத்தில் பூட்டியபடி இருந்த தட்டு பேசியது.

"அக்கா, எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"உள்ள முள் நிக்கிறது. முதல் சுத்துலயே தெரிஞ்சுபோச்சு. ஆழமா தேய்ச்சா எடுத்திருக்கலாம். ஆனா அந்த இடத்துல பள்ளம் விழும். பள்ளம் விழுந்தா, தட்டு சரியா தேய்க்கலைன்னுதானே சொல்லுவாங்க? அதான் தூளை வச்சு மூடிட்டேன்."

உளி கல்லில் வழுக்கியது. "நீயா? பிள்ளை வாய்க்குப் போறதுன்னு தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சும்தான். உங்களுக்கும் தெரியுமே அக்கா."

உளி கல்லில் இன்னொரு முறை உரசியது.

"என் வேலையை யோசிச்சுப் பாருங்க," என்றது தட்டு. "நான் எதைத் தொட்டாலும் அது ஏற்கெனவே உங்க ஜாடையில இருக்கு. தலை நீங்க. தண்டு நீங்க. வளையம் நீங்க. நான் ஒழுங்கா வேலை செஞ்சா, நான் வந்துட்டுப் போன அடையாளம்கூட இருக்காது. அம்மா அம்மான்னு கூப்பிடுதுங்க, சரி. ஒண்ணாவது என்னை மாதிரி இருக்கா? உங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரியும்."

"என்னைப் பார்த்தா?"

"பின்னே, தாங்கியைப் பார்த்தா?"

உளிக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது. அடுத்து, கொஞ்சம் இனிப்பாக இருந்தது. அந்த இனிப்பை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. அது எதையும் வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

கூர் வந்ததும் அமலி உளியை இரண்டு கையாலும் பிடித்து, கிலுகிலுப்பையை லேத்தில் வைக்காமல் மடியில் இடுக்கியே சிலாம்பை வேர்வரை கெல்லி எடுத்தாள். கிலுகிலுப்பை வழக்கம்போல அலறியது. உளி எதுவும் முனகவில்லை. நார் முடியும் இடம்வரை போய், அதற்கு மேல் ஒரு மயிரிழைகூடப் போகாமல் நின்றது.

தொப்புள் இருந்த இடத்தில் சின்னக் குழி விழுந்தது. பிறகு தட்டு வந்தது. இந்த முறை அது தூளை அடைக்கவில்லை. குழியின் ஓரத்தைச் சுற்றிலும் சரித்து இறக்கியது. அமலி ஈரத்துணியால் துடைத்தாள், காயவிட்டாள், எழுந்து நின்ற மெல்லிய நார்களைத் தட்டில் காட்டினாள். மறுபடி ஈரம், மறுபடி உலர்த்தல், மறுபடி தட்டு. ஈரம் பட்டும் எதுவும் எழாமல் படுத்துக் கிடக்கும்வரை அவள் விடவில்லை. கன்னத்தில் விழும் குழிபோல அந்த இடத்தில் ஒரு பள்ளம் மட்டும் நின்றுவிட்டது. அதை மறைக்க அவள் எதுவும் செய்யவில்லை.

சகாயா பிள்ளையைக் கொண்டுவந்தாள். ஜெரின் கிலுகிலுப்பையை வாங்கினான். நேராக வாய்க்குக் கொண்டுபோனான். இரண்டு பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். லேத் பக்கம் இரண்டு பேர், உளியும் தட்டும், அவர்களும்தான்.

பிள்ளை கடித்தான். மென்றான். வாயைத் திறந்து காட்டினான்.

எச்சில் மட்டும் வழிந்தது.

மறுநாள் காலையில் கடைக்குச் செய்ய வேண்டிய புதுத்துண்டு ஒன்றை அமலி லேத்தில் பூட்டினாள். உளி முன்பைவிட ஒரு விரற்கடை குட்டையாகி இருந்தது. தாங்கி தன் இடத்தில் வந்து நின்று, சாய்ந்துகொண்ட உளியிடம் மெதுவாகக் கேட்டது.

"இப்ப எரியலையா அக்கா?"

"எரியாம என்ன? எரியத்தான் செய்யுது," என்றது உளி.

புதுத்துண்டு உளியைக் கண்டது. "வராதே! கிட்ட வராதே!" என்று ஊரைக் கூட்டியது.

"நல்லா அழு," என்றது உளி. "சிரிக்க வைக்க அங்க ஒருத்தி இருக்கா."